வாசகர் கேள்விகள்: பூங்காவுக்கு வராதவர்களைக் கேளுங்கள்

ஓகஸ்ட் விடுமுறையில் பிள்ளைகளையும் வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர்களையும் அழைத்துக்கொண்டு யாழ்ப்பாண நகரத்துப் பூங்காக்களுக்குப் போய்வந்தவர்கள் நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். சிலருக்குக் கோபம், சிலருக்கு ஏக்கம், சிலருக்கு உண்மையான மகிழ்ச்சி. ஆகவே இந்த மாதம் பூங்காக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பல ஆண்டுகள் புவியியல் கற்பித்தவள் என்பதால் வெயிலையும் காற்றையும் நிலத்தடி நீரையும் பற்றி இடையிடையே பேசாமல் என்னால் இருக்க முடியாது.

கேள்வி: பூங்காக்களுக்கு வர்ணம் பூசுகிறார்கள், புதிய விளையாட்டுப் பொருள்கள் வைக்கிறார்கள். ஆனாலும் பிள்ளைகளோடு போனால் அரை மணித்தியாலத்தில் திரும்பிவிடுகிறோம். மனம் நிறைவதில்லை. எங்களுக்குத்தான் ஆசை கூடிவிட்டதா?
(இல்லத்தரசி, திருநெல்வேலி)

பதில்: ஆசை கூடவில்லை, சகோதரி. அரை மணித்தியாலத்தில் ஏன் எழுந்தீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். வெயில் சுட்டிருக்கும். அல்லது இருக்க இடமில்லாமல் கால் கடுக்க நின்றிருப்பீர்கள். அல்லது சின்னவனுக்குச் சலம் கழிக்க வேண்டி வந்து, மலசலகூடத்தைத் தேடிப் போனால் அது பூட்டிக் கிடந்திருக்கும். மனநிறைவைக் கெடுப்பவை பெரும்பாலும் இந்த மூன்றும்தான். வர்ணம் மங்கியிருந்தது என்பதற்காக எழுந்து போன தாயை நான் கண்டதில்லை.

யாழ்ப்பாணம் ஒன்பதரைப் பாகை வட அகலக்கோட்டுக்குச் சற்று மேலே இருக்கிறது. ஆண்டில் இரண்டு முறை, சித்திரைப் புத்தாண்டை ஒட்டியும் ஓகஸ்ட் கடைசியிலும், சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருகிறது. அதாவது பிள்ளைகளுக்கு விடுமுறை கிடைக்கும் இந்த இரண்டு மாதங்களிலும் வெயில் செங்குத்தாக விழுகிறது. அந்த நேரத்தில் இரும்பும் பிளாஸ்டிக்கும் சீமெந்தும் என்ன சூடு சுடும் என்பது பூங்காவை வரைபடத்தில் மட்டும் பார்ப்பவருக்குத் தெரியாது.

நகரத்துப் பூங்கா ஒன்றில் பின்னேரம் நான்கு மணிக்கு ஒரு தாயைப் பார்த்தேன். மகளுக்கு மூன்று வயது இருக்கும். சறுக்கியின் உச்சியில் குழந்தை நிற்கிறாள், கீழே வரப் பயம். பயம் உயரத்தால் வந்ததல்ல. ஒரு முறை சறுக்கித் தொடை சுட்டுவிட்டது. அந்தத் தாய் கைப்பையிலிருந்த தண்ணீர்ப் போத்தலைத் திறந்து, குடிக்கக் கொண்டுவந்த தண்ணீரைச் சறுக்கியின் மேலிருந்து கீழ்வரை ஊற்றினாள். பிறகு புறங்கையை வைத்துச் சூட்டைப் பார்த்து, "இப்ப வா" என்றாள். குழந்தை வந்தது. தண்ணீரும் முடிந்தது. கொஞ்ச நேரத்தில் குழந்தை தாகம் என்று அழ, இருவரும் போய்விட்டார்கள். அந்தச் சறுக்கிக்கு இருபது அடி தள்ளி ஒரு பெரிய வேம்பு நிற்கிறது. அதன் கீழே விளையாட்டுப் பொருள் ஒன்றும் இல்லை, ஒரு வாங்குகூட இல்லை. சறுக்கியை அந்த வேம்பின் கிழக்குப் பக்கத்தில் வைத்திருந்தால் பின்னேர நிழல் முழுவதும் அதன் மேல் விழுந்திருக்கும். செலவு ஒரு சதம்கூடக் கூடியிருக்காது.

வில்லியம் வைட் என்ற அமெரிக்கர் 1970களில் நியூயோர்க்கின் சிறிய பொதுவெளிகளில் படப்பிடிப்புக் கருவிகளை வைத்து, மக்கள் எங்கே இருக்கிறார்கள், எங்கே இருக்காமல் போகிறார்கள் என்று நாட்கணக்கில் கவனித்தார். அவர் கண்ட முதல் உண்மை மிக எளியது: இருக்க வசதியுள்ள இடத்தில் மக்கள் இருக்கிறார்கள். அழகான வடிவமைப்பு, வெளியின் பரப்பளவு எல்லாம் அதற்குப் பிறகுதான். அங்கே குளிர்நாட்டு மக்கள் வெயில் விழும் இடத்தைத் தேடினார்கள். இங்கே நாம் நிழலைத் தேடுகிறோம். அந்த ஒரு மாற்றத்தைச் செய்துகொண்டால் அவர் சொன்னது நமக்கும் பொருந்தும். அடுத்த முறை போகும்போது, நிழலில் எத்தனை வாங்குகள், வெயிலில் எத்தனை வாங்குகள் என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் மனம் ஏன் நிறையவில்லை என்பதற்குப் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

கேள்வி: என் மகளுக்குப் பதின்மூன்று வயது. சின்ன வயதில் பூங்கா என்றால் துள்ளிக் குதித்தவள், இப்போது வரமாட்டேன் என்கிறாள். கைத்தொலைபேசிதான் காரணமா?
(தாய், குருநகர்)

பதில்: கைத்தொலைபேசி இல்லாத காலத்திலும் இது நடந்தது. ஒஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவில் 1990களின் நடுப்பகுதியில் பூங்காக்களை ஆராய்ந்தவர்கள், ஒன்பது வயதைத் தாண்டியதும் பெண்பிள்ளைகள் அங்கு வருவது சட்டென்று குறைந்துவிடுவதைக் கண்டார்கள். ஆண்பிள்ளைகள் தொடர்ந்து வந்தார்கள். இடம் எல்லோருக்கும் பொதுவானதுதான். ஆனால் ஒரே திறந்த திடலாக இருந்ததால் பந்தோடு வந்த பையன்கள் அதை எடுத்துக்கொண்டார்கள், இடத்துக்குச் சண்டை பிடிப்பதைவிட விலகிப்போவது மேல் என்று பெண்பிள்ளைகள் ஒதுங்கிவிட்டார்கள். 1999 இல் மார்கரேட்டன் என்ற பகுதியில் இரண்டு பூங்காக்களை அந்த நகரம் மாற்றியமைத்தது. நடைபாதைகள் கூட்டப்பட்டன, பெரிய திடல் சிறு சிறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது, கரப்பந்துக்கும் பூப்பந்துக்கும் தனித்தனி இடம் ஒதுக்கப்பட்டது. பெண்பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். பையன்களை யாரும் துரத்தவும் இல்லை.

உங்கள் மகளிடம் "ஏன் வரமாட்டாய்?" என்று கேட்காதீர்கள். அதற்கு "சும்மா" என்றுதான் பதில் வரும். "அங்கே போனால் நீ எந்த இடத்தில் இருப்பாய்?" என்று கேளுங்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு நம் பூங்காக்களில் இடம் எது? ஊஞ்சலில் "பன்னிரண்டு வயதுக்குக் கீழ்" என்று எழுதியிருக்கும். திடலில் கிரிக்கெட். மதிலோரத்தில் மோட்டார்சைக்கிளில் சாய்ந்து நிற்கும் இளைஞர்கள். தோழிகள் நால்வர் ஒருவரையொருவர் பார்த்தபடி இருந்து கதைக்க ஒரு வட்டமான இருக்கை, கொஞ்சம் வெளிச்சம், வழியால் போகிற பெரியவர்களின் கண்ணுக்குத் தெரிகிற ஓரிடம், ஒரு பூப்பந்து வலை. இவ்வளவும் இருந்தால் அவள் போவாள். உங்களிடம் சொல்லாமலே போய்விடக் கூடும் என்று கவலைப்படும் அளவுக்குப் போவாள்!

முன்பு சொன்ன வைட் இன்னொன்றையும் கவனித்தார். ஒரு பொதுவெளியில் பெண்களின் பங்கு குறைவாக இருந்தால் அந்த இடத்தில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று பொருள். பெண்கள் இடத்தைத் தெரிவு செய்வதில் கூடுதல் கவனம் எடுக்கிறார்கள். இது எனக்கு மிகவும் பயன்பட்ட அளவுகோல். பின்னேரம் ஆறு மணிக்கு ஒரு பூங்காவின் வாசலில் நின்று, தனியாக வந்திருக்கும் பெண் ஒருத்தியாவது இருக்கிறாளா என்று பார்ப்பேன். இருந்தால் அந்தப் பூங்கா நல்ல பூங்கா.

கேள்வி: குழப்படிக்காரர்கள் நுழையாமல் பூங்காவைச் சுற்றி உயரமான மதில் கட்டி, ஒரே ஒரு வாசல் வைத்தால் பாதுகாப்பாக இருக்காதா?
(வர்த்தகர், வண்ணார்பண்ணை)

பதில்: நம் ஊரில் வீட்டுக்கு மதில் உயர உயர மதிப்பு என்று நினைக்கிறோம். பூங்காவுக்கு அது நஞ்சு. மதில் குழப்படிக்காரரை மறைக்கிறது. பார்க்கக்கூடிய கண்களைத் தடுக்கிறது.

நியூயோர்க் பொது நூலகத்துக்குப் பின்புறம் பிறையன்ட் பூங்கா என்று ஒன்று இருக்கிறது. தெருமட்டத்துக்கு மேலே உயர்ந்து, வேலியும் அடர்ந்த செடிகளும் மறைக்க, 1970களில் அது போதைப்பொருள் விற்பவர்களின் இடமாகிவிட்டது. பாதுகாப்பாக அமைந்திருக்க வேண்டிய மறைப்பே அவர்களுக்கு வசதியாகப் போயிற்று. 1988 இல் மூடித் திருத்தி 1992 இல் மறுபடி திறந்தார்கள். செய்தது என்ன? மறைத்த செடிகளை எடுத்தார்கள், வாசல்களை அகலமாக்கிக் கூட்டினார்கள், மலசலகூடத்தை ஒழுங்காக்கினார்கள், தூக்கி நகர்த்தக்கூடிய கதிரைகளைப் போட்டார்கள். இன்று மதிய உணவு வேளையில் அங்கே கதிரை கிடைப்பதே கஷ்டம்.

நம் நூலகத்துக்கு அருகிலும் சுப்பிரமணியம் பூங்கா இருக்கிறது. வாசித்துவிட்டு வெளியே வருபவர், மணிக்கூட்டுக் கோபுரப் பக்கம் பஸ்ஸுக்கு நடப்பவர், கச்சான் விற்பவர் என்று ஆள் நடமாட்டம் தானாகவே உள்ள சூழல். நடமாட்டம் உள்ள இடத்தில் ஒரு பூங்கா அமைவது பெரிய பேறு. அந்தக் கண்களெல்லாம் சம்பளம் இல்லாத காவலாளிகள். மதில் கட்டி அவர்களை வேலையிலிருந்து நிறுத்திவிடாதீர்கள், ஐயா.

கேள்வி: நுழைவுக் கட்டணம் வைத்தால் பூங்கா சுத்தமாக இருக்குமல்லவா?
(வாசகர், அரியாலை)

பதில்: சுத்தமாக இருக்கும், ஏனென்றால் ஆட்கள் இருக்கமாட்டார்கள். மூன்று பிள்ளைகளுள்ள கூலித் தொழிலாளிக்கு ஐந்து டிக்கெட் என்பது ஒரு இறாத்தல் பாணைவிடக் கூடிய செலவாகிவிடும். வேண்டாம்.

கேள்வி: நான் பல்கலைக்கழக மாணவன். யாழ்ப்பாண நகரப் பூங்காக்களில் மக்களின் திருப்தியை அளவிடும் ஆய்வு ஒன்றைச் செய்கிறேன். பூங்காவுக்கு வருபவர்களிடம் வினாக்கொத்துக் கொடுக்கிறேன். பெரும்பாலோர் "திருப்தி" என்றே குறிக்கிறார்கள். ஆனால் பூங்காவின் நிலையைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. ஏன்?
(மாணவன், கொக்குவில்)

பதில்: தம்பி, இந்தக் கடிதங்களில் எனக்கு மிகப் பிடித்த கேள்வி உன்னுடையது. கிடைத்த விடையை நம்பிவிடாமல் கண்ணால் கண்டதோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறாய்.

நீ கேட்டவர்கள் எல்லோரும் பூங்காவுக்கு வந்தவர்கள். திருப்தியில்லாதவர் வீட்டில் இருக்கிறார். ஒரு முறை வந்து, முழங்கால் வலியோடு படியேற முடியாமல் திரும்பிய அம்மம்மா உன் வினாக்கொத்தில் இல்லை. போரில் கால் இழந்தவர்கள் பலர் வாழும் ஊர் இது. சக்கர நாற்காலி நுழையாத சுழல்கதவை வாசலிலேயே பார்த்துவிட்டுப் போனவர் அதில் இல்லை. இரவு எட்டு மணிவரை புடவைக்கடையில் நின்றுகொண்டே வேலை செய்யும் பெண்பிள்ளைக்கு, பூங்கா திறந்திருக்கும் நேரத்தில் ஓய்வு கிடையாது. அவளும் இல்லை. வந்தவர்களை மட்டும் கேட்டால், ஒரு பூங்கா எத்தனை பேரை விரட்டுகிறதோ அவ்வளவுக்குத் திருப்தி கூடிக்கொண்டே போகும். ஒரேயொருவர் மட்டும் வரும் பூங்காவில் நூற்றுக்கு நூறு வீதம் திருப்தி கிடைத்துவிடும்.

ஆகவே பாதி வினாக்கொத்தை வெளியே கொண்டுபோ. பஸ் நிலையத்தில் காத்திருப்பவர்களைக் கேள். வைத்தியசாலைக் கிளினிக் வரிசையில் நிற்பவர்களைக் கேள். கஸ்தூரியார் வீதிக் கடைகளில் வேலை செய்பவர்களைக் கேள். "கடைசியாக எப்போது பூங்காவுக்குப் போனீர்கள், ஏன் பிறகு போகவில்லை" என்ற இரண்டு கேள்வி போதும்.

இன்னொரு காரணமும் உண்டு. திருப்தி என்பது கிடைத்ததை எதிர்பார்த்ததோடு ஒப்பிட்டுச் சொல்லும் சொல். நீண்ட காலம் எதுவும் இல்லாமல் இருந்தவர், ஊஞ்சல் ஒன்று ஆடினாலே போதும் என்பார். அவருடைய பேரப்பிள்ளை ரொறன்ரோவிலிருந்து வந்தால் அதே ஊஞ்சலைப் பார்த்து முகம் சுளிக்கும். இருவரும் பொய் சொல்லவில்லை. அதனால் "திருப்தியா?" என்பதோடு நிறுத்தாமல் நிழல், இருக்கை, மலசலகூடம், குடிநீர், வெளிச்சம், துப்புரவு ஒவ்வொன்றுக்கும் "இது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்", "இங்கே இது எப்படி இருக்கிறது" என்று பிரித்துக் கேள். முக்கியம் என்று சொல்லிவிட்டு மோசம் என்று குறிக்கும் இடத்தில்தான் உன் ஆய்வின் உயிர் இருக்கிறது. காலையில் நடக்க வரும் ஓய்வூதியரிடம் மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதே. பின்னேரம், இரவு, ஞாயிறு, மழைக்காலம் என்று நேரத்தை மாற்று. கார்த்திகை மழையில் வெள்ளம் நிற்கும் பூங்காவும் சோளகக் காற்றில் புழுதி பறக்கும் பூங்காவும் ஒரே பூங்காதான். மக்களின் விடை ஒன்றாக இராது.

கேட்பதோடு நில்லாமல், ஒரு மூலையில் இருந்து பார். எந்த வாங்கு முதலில் நிரம்புகிறது, எந்த வாங்கு கடைசிவரை வெறுமையாகக் கிடக்கிறது, புல்லின் நடுவே ஒற்றையடிப் பாதை எங்கே விழுந்திருக்கிறது என்று குறித்துக்கொள். வாயால் "திருப்தி" என்று சொன்னவர்களின் கால்கள் வேறு சொல்லியிருக்கும்.

கேள்வி: பழைய பூங்காவை அமைத்தவர் யார்? அங்குள்ள மரங்களைப் போல இன்று ஏன் நடுவதில்லை? மரத்தைப் பார்ப்பதற்கும் உடல்நலத்துக்கும் தொடர்பு உண்டா?
(ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், கொழும்புத்துறை)

பதில்: பேர்சிவல் அக்லண்ட் டைக், ஐயா. 1829 இல் யாழ்ப்பாணத்துக்கு அரசாங்க அதிபராக வந்து, 1867 இல் இறக்கும்வரை தன் வாழ்நாளின் பெரும்பகுதியை வடக்கிலேயே கழித்தவர். சுண்டுக்குளியில் தன் வாசஸ்தலத்தைச் சுற்றி அவர் உண்டாக்கிய சோலைதான் பிறகு பழைய பூங்கா என்று நிலைத்தது. ஆட்சியாளர்கள் மாறினார்கள், கட்டடங்கள் இடிந்தன, போர் வந்து போயிற்று. பெருமரங்கள் பல நின்றுகொண்டே இருந்தன. அதன் ஓரமாகச் சித்திரை வெயிலில் சைக்கிள் ஓட்டிப் போனவர்களுக்குத் தெரியும், மரநிழல் தொடங்கும் இடத்தில் உடம்பு அதைச் சொல்லிவிடும்.

இன்று ஏன் நடுவதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். நடுகிறார்கள். திறப்புவிழாவன்று, படம் எடுப்பதற்கு. பிறகு முதல் மூன்று கோடைக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை. நம் நிலத்தில் மண் பல இடங்களில் ஆழமில்லை, தோண்டினால் சுண்ணக்கல் வந்துவிடும். வேர் கல்லிடுக்கில் இறங்கி நீரைத் தொடும்வரை கன்றைக் கைப்பிள்ளையாகப் பார்க்க வேண்டும். அதைத் தாண்டிவிட்டால் வேம்பும் புளியும் இலுப்பையும் நம்மிடம் எதையும் கேட்கமாட்டா.

அதனால்தான் ஒரு பூங்காவில் கட்டடம் எழுப்ப மரம் தறிக்கும்போது "பதிலுக்குப் பத்துக் கன்று நடுவோம்" என்று சொல்வதை என்னால் ஏற்க முடிவதில்லை. பத்துக் கன்றின் நிழலில் ஒரு குழந்தைகூட விளையாட முடியாது. அந்தக் குழந்தைக்குப் பேரப்பிள்ளை பிறக்கும் காலத்தில்தான் நிழல் வரும்.

மரத்தைப் பார்ப்பதற்கும் உடல்நலத்துக்கும் தொடர்பு உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ரொஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் 1984 இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வொன்று இருக்கிறது. பித்தப்பைச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட 46 நோயாளர்களில், யன்னலால் மரங்கள் தெரிந்த 23 பேர், செங்கற் சுவர் மட்டும் தெரிந்த 23 பேரைவிடச் சற்று விரைவாக வீடு திரும்பினார்கள். கடுமையான வலிநிவாரணியும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் வைத்தியசாலை வளவுகளில் நிற்கும் மரங்களில் கைவைக்குமுன் ஒருமுறை யோசிக்க அது போதும்.

கேள்வி: இங்குள்ள பூங்காக்களில் கண்ணுக்கெட்டிய தூரம் பச்சைப் புல்வெளி. ஊரில் அப்படி ஒன்றை அமைக்க நாங்கள் பணம் சேர்த்துத் தரலாமா?
(வாசகி, ரொறன்ரோ)

பதில்: மனதுக்கு நன்றி. பணத்தைப் புல்லில் போடாதீர்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு என்று ஒன்றும் இல்லை. நமக்கு வாய்த்தது சுண்ணக்கல்லுக்குள் தேங்கும் மழைநீர் மட்டும். மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்துவிடுகிறது. மீதி மாதங்களில் புல்லைப் பச்சையாக வைத்திருக்க அதே நீரை இறைக்க வேண்டும். அளவுக்கு மீறி இறைத்தால் கரையோரக் கிணறுகளில் உப்பு ஏறும். வெயிலில் கிடக்கும் புல்லில் யாரும் இருக்கவும் மாட்டார்கள். கனடாவில் புல்வெளி தரும் நிறைவை இங்கே மரத்தடி தருகிறது.

உதவ விரும்பினால், ஒரு பூங்காவுக்கு ஒரு தோட்டக்காரரின் ஐந்தாண்டுச் சம்பளத்தைக் கொடுங்கள். பெயர்ப்பலகை வைக்க அதில் இடமில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஊஞ்சல் சங்கிலியின் கொளுக்கி தேய்ந்திருப்பதை ஒருவர் தினமும் பார்க்க வேண்டும். அழகுக்காக வர்ணம் பூசிப் புதைத்த பழைய டயர்களுக்குள் மழைநீர் தேங்கி டெங்கு நுளம்பு பெருகுவதை ஒருவர் பார்க்க வேண்டும். திறந்த வருடம் எல்லோரும் புகழ்ந்த பூங்காக்கள் அடுத்தடுத்த வருடங்களில் மனம் கசக்கச் செய்வது இந்த ஒருவர் இல்லாததால்தான்.

கேள்வி: எங்கள் ஒழுங்கைப் பக்கம் பூங்காவே இல்லை. நகரத்துக்குப் போக ஓட்டோவுக்குக் கொடுக்க வேண்டும். எங்களைப் போன்றவர்களுக்கு என்ன வழி?
(வாசகர், கோண்டாவில்)

பதில்: உங்கள் குறை நியாயமானது. தூரம் என்பது மனநிறைவின் முதற்கேள்வி. உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு, வீட்டிலிருந்து 300 மீற்றருக்குள் அரை ஹெக்டேயராவது உள்ள பசுமை வெளி இருக்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. செசில் கொனைனென்டைக் என்ற வனவியல் அறிஞர் 2021 இல் இதை ஞாபகத்தில் நிற்கும் ஒரு விதியாக்கினார்: ஒவ்வொரு வீட்டிலிருந்தும் 3 மரமாவது தெரிய வேண்டும், சுற்றுப்புறத்தில் 30 வீதம் மரக்கவிகை (மரக்கிளைகள் குடைபோல மூடும் பரப்பு) வேண்டும், 300 மீற்றரில் பூங்கா வேண்டும். முதல் இரண்டும் நம் வீட்டு வளவுகளால் ஓரளவு நிறைவேறுகின்றன. மாமரமும் பலாவும் முருங்கையும் இருக்கிற ஊர் அல்லவா. மூன்றாவதில்தான் தோற்கிறோம்.

ஆனால் இடம் இல்லாமல் இல்லை. ஒவ்வொரு குறிச்சியிலும் ஒரு சனசமூக நிலையமும் அதற்கொரு வெளியும் இருக்கும். கோயில் வெளிவீதியும் தேர்முட்டியடியும் இருக்கும். முன்னோர் வழியோரங்களில் மடம் கட்டினார்கள். பக்கத்தில் கிணறு வெட்டினார்கள். சுமையை இறக்கிவைக்கச் சுமைதாங்கியும் மாடு உரஞ்ச ஆவுரஞ்சிக்கல்லும் நட்டார்கள். மேலே நிழலுக்கு மரம் வைத்தார்கள். பருத்தித்துறையில் தெருமூடிமடம் இன்றும் நிற்கிறது. தெருவின் மேலேயே கூரை, இரு புறமும் திண்ணை. உள்ளே நுழைந்தால் காற்று வந்து முகத்தில் படும். நிழல், இருக்கை, தண்ணீர் என்று இன்றைய ஆய்வுகள் கேட்கும் மூன்றையும் அவர்கள் ஒரே இடத்தில் சேர்த்து வைத்திருந்தார்கள், அதுவும் நடந்துபோகும் வழியிலேயே. உங்கள் சனசமூக நிலைய வெளியில் இரண்டு வாங்கு, ஒரு குடிநீர்க் குழாய், ஒரு மின்விளக்கு, நான்கு பூவரசு போதும். பூவரசு கதியால் நட்டாலே தழைக்கும். சபை ஒரு ஏக்கர் காணி தேடித் தரும்வரை காத்திருக்க வேண்டாம்.

பண்ணைக் கடற்கரையைப் பாருங்கள். அங்கே மாலையில் கூடும் சனத்துக்கு ஊஞ்சலோ சறுக்கியோ தேவைப்படவில்லை. காற்று இருக்கிறது, இருக்க இடம் இருக்கிறது, கச்சான் இருக்கிறது, சூரியன் கடலேரியில் இறங்குகிறது. தாங்களாகவே வருகிறார்கள்.

கேள்வி: எங்கள் பகுதிப் பூங்காவில் மலசலகூடம் எப்போதும் பூட்டியிருக்கிறது. வாயால் சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டோம். எப்படி முறையிடுவது?
(தாய்மார் நால்வர், நல்லூர்)

பதில்: நால்வர் சேர்ந்து எழுதியதே நல்ல தொடக்கம். இதில் தாய்மாரும் நீரிழிவு உள்ள முதியவர்களும்தான் அதிகம் வதைபடுகிறார்கள். மலசலகூடம் இல்லாத பூங்காவில் ஒரு பெண் தண்ணீர் குடிக்கவே பயப்படுகிறாள். இதைச் சின்ன விடயம் என்று யார் சொன்னாலும் எனக்குக் கோபம் வருகிறது.

முதலில் எழுத்தில் கொடுங்கள். உங்கள் வட்டார உறுப்பினருக்கும், மாநகர சபையானால் ஆணையாளருக்கும், பிரதேச சபையானால் செயலாளருக்கும் ஒரே கடிதம். "வசதிகள் போதாது" என்று பொதுவாக எழுதினால் பொதுவான பதில்தான் வரும். எந்த நாள், எத்தனை மணிக்குப் பூட்டியிருந்தது, திறப்பு யாரிடம் இருப்பதாகச் சொன்னார்கள், தண்ணீர் வருகிறதா, உள்ளே மின்குமிழ் எரிகிறதா, கதவுக்குக் கொண்டி இருக்கிறதா என்று எழுதுங்கள். ஒரு வாரம் மாறி மாறிப் போய்க் குறித்தால் நால்வருக்கும் சிரமம் இராது. கேட்பதையும் திட்டமாகக் கேளுங்கள்: காலை ஆறு முதல் இரவு எட்டு வரை திறந்திருக்க வேண்டும், துப்புரவாக்கிய நேரத்தை எழுதிக் கதவில் ஒட்ட வேண்டும், பொறுப்பானவரின் அலுவலகத் தொலைபேசி இலக்கம் வாசலில் இருக்க வேண்டும்.

பதில் வராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அந்தப் பூங்காவின் பராமரிப்புக்குச் சென்ற ஆண்டு ஒதுக்கிய தொகை எவ்வளவு, செலவானது எவ்வளவு, துப்புரவுக்குப் பொறுப்பாக யாரை நியமித்திருக்கிறார்கள் என்று கேட்டு, சபையின் தகவல் அலுவலருக்கு விண்ணப்பியுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. தருவதா இல்லையா என்ற முடிவை அவர் 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும்.

கடிதத்தை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்ட முத்திரையையும் திகதியையும் வாங்கி வையுங்கள். அடுத்த ஆண்டு வரவுசெலவுத் திட்டம் ஆண்டிறுதியில் சபைக்கு வந்துவிடும். ஆகவே ஒக்டோபர் நடுப்பகுதிக்கு முன் கொடுத்துவிடுங்கள். கையெழுத்துக்குப் போகும்போது பூங்காவுக்குள் இருப்பவர்களோடு நிறுத்தாமல், சுற்றியுள்ள நான்கு ஒழுங்கைகளிலும் வீடு வீடாகப் படலையைத் தட்டுங்கள்.